கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமலே பாகம் மாற்றுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கி மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும் நாட்களில், மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கணினி திருத்தும் கடைகளுக்கு அதிகமாக வருவது, "போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது" என்ற முறைப்பாடுதான். சில கடைகளில் சோதனை எதுவுமின்றியே, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றோ, பாகங்களையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை (மதர்போர்ட்) போய்விட்டது என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தாலே காரணங்களில் பெரும்பாலானவை விலகிவிடும் என்பதால், இந்த அவசரத்தை ஏற்க முடியவில்லை.

விசிறி சுழன்றும் திரையில் ஒன்றுமே வராவிட்டால், விண்டோஸை மீண்டும் போடுவதால் பயனில்லை. அது இன்னும் வாசிக்கப்படவே இல்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை நினைவகமும் (ரம்) மின்வழங்கியுமே. கடற்கரையை அண்டிய நமது ஊர்களில் உப்புக் காற்றாலும், கச்சான் காலத்துப் புழுதியாலும் நினைவகத்தின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிவிடுகின்றன. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, அம்முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, துண்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பொருத்திப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவாகாது. தாய்ப்பலகையிலுள்ள சிறு உருளை வடிவக் கொள்ளளவிகளின் மேல்மூடி தட்டையாக இல்லாமல் வீங்கியிருந்தால், பலகையைக் குறை சொல்வதில் நியாயமுண்டு.

தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி அத்துடன் நின்றால், பென் டிரைவ், அச்சுப்பொறி, வெளி வன்தட்டு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ற் சிஆர்2032 பற்றரி தீர்ந்திருக்கலாம். அது தீரும்போது சேமித்த அமைப்புகள் அழிந்து, பழைய பலகைகள் சிலவற்றில் வன்தட்டை வாசிக்கும் முறையே மாறிவிடுவதால் விண்டோஸ் எழாமல் போவதும் உண்டு. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் அந்தப் பற்றரிக்காகத் தாய்ப்பலகையை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

விண்டோஸின் புள்ளிகள் சுழன்றபடி நிற்பதுதான் சிக்கலான கட்டம். அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) இயங்கினால் அண்மையில் நிறுவிய மென்பொருளையோ, பாகங்களை இயக்கும் மென்பொருளான இயக்கியையோ (டிரைவர்) சந்தேகிக்கலாம். மறுதொடக்கம் செய்தால் ஒழுங்காக எழுந்து, அணைத்துப் போட்டால் மட்டும் நிற்கிறதென்றால், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திப் பார்க்கலாம். அது முந்தைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மீண்டும் ஏற்றுகிறது. இவை எதுவுமில்லையென்றால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதால் கோப்பு முறைமை சேதமடைந்திருக்கலாம், அல்லது வன்தட்டு பழுதாகிக்கொண்டிருக்கலாம். அத்தகைய வன்தட்டை அழித்து விண்டோஸ் போடுவது, கோயில் கணக்கையும் பிள்ளைகளின் உயர்தரக் குறிப்புகளையும் கலியாணப் படங்களையும் கையோடு தொலைப்பதாகும். தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் வன்தட்டின் ஸ்மார்ட் பதிவைப் பார்த்து, இணைப்புக் கம்பியை மாற்றிச் சோதித்து, கோப்புகளை வேறிடத்துக்குப் பிரதி செய்த பின்னரே அடுத்த வேலையில் கை வைக்க வேண்டும்.

கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு மணி நேரம் சோதித்து, "தூசிதான் காரணம்" என்று சொன்னால் காசு கொடுக்க நம்மவர்களுக்கு மனம் வராது. பாகம் மாற்றினால் மட்டுமே வேலை செய்ததாக நினைக்கிறோம். எனவே சோதனைக்கெனத் தனிக் கட்டணம் ஒன்றை அறவிட்டு, அதைக் கடையில் எழுதித் தொங்கவிடுவதே நல்லது. கணினி நின்ற கட்டம், செய்த சோதனை, மாற்றிய பாகம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் குறித்து, கழற்றிய பழைய பாகத்தையும் உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்கும் வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை. முறைப்பாடு செய்ய அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அரிசி, பருப்பு விலையைப் பார்க்கக் கடைகளுக்குச் செல்லும் அதன் அதிகாரிகள், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கணினி திருத்தும் கடைகளின் பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் பார்வையிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.