எந்தப் பாகம் பழுது என்பதை எழுத்தில் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கும் வாரங்களில், பழைய மின்னடுப்பைக் கொடுத்துவிட்டுப் புதியதைக் கழிவு விலையில் வாங்கிக்கொள்ளச் சொல்லும் அறிவிப்புகள் பினாங்கின் மின்பொருள் கடைகளில் தொங்கத் தொடங்கிவிடும். கோளாறு கண்ட அடுப்பைச் சரிசெய்வதா, மாற்றுவதா என்று பல குடும்பங்கள் முடிவெடுப்பதும் அந்த நாள்களில்தான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையின் பராமரிப்புப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பழுது எதுவென்று தெரிந்துகொள்ளாமலேயே அந்த முடிவு எடுக்கப்படுகிறது என்ற வருத்தத்தினால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் என் தங்கை, சமையல் மேடையில் பதித்த நான்கு தட்டுக் கண்ணாடி மின்னடுப்பை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார். சில வாரங்களுக்கு முன், அதன் வலப்பக்கப் பின்தட்டு, குமிழை எந்த எண்ணில் வைத்தாலும் முழுச் சூட்டிலேயே எரியத் தொடங்கியது. பாலை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பொங்கி வழிந்தது, குழம்பு அடிப்பிடித்தது. வாங்கிய கடையிலிருந்து வந்த பணியாளர் அடுப்பைக் கழற்றவில்லை, மின்தடையை அளக்கும் மீட்டரை வெளியே எடுக்கவும் இல்லை. பழைய அடுப்பு என்பதால் மாற்றிவிடுவதே நல்லது என்று சொல்லி, வந்து பார்த்ததற்கான பார்வைக் கட்டணமாக 60 வெள்ளி (ரிங்கிட்) பெற்றுக்கொண்டு, 1,690 வெள்ளிக்கு ஒரு புதிய அடுப்பின் விலைச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். எந்தப் பாகம் கெட்டது என்று தங்கை இரண்டு முறை கேட்டும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

உண்மையில் அந்த அறிகுறியே பழுதின் இடத்தைக் காட்டிவிடுகிறது. இவ்வகை அடுப்பில் குமிழுக்குப் பின்னால் இருக்கும் வெப்பச் சீராக்கி, குழாயைத் திருகி நீரைக் குறைப்பதுபோல் மின்சாரத்தைக் குறைப்பதில்லை. தட்டுக்குச் செல்லும் மின்சாரத்தைச் சில வினாடிகள் இணைப்பதும் சில வினாடிகள் துண்டிப்பதுமாக அது சூட்டைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து இணைப்பைப் பிரிக்கிறது, ஆறியதும் மீண்டும் சேர்க்கிறது. ஒரு வேளைச் சமையலுக்குள் பல முறை நடக்கும் இந்தச் செயலில் ஒவ்வொரு முறையும் சிறு பொறி எழுவதால், காலப்போக்கில் இணைப்பு முனைகள் தேய்ந்து, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்டால் துண்டிப்பு நிகழாது. தட்டு முழுச் சூட்டிலேயே நிற்கும். எரிசக்தி ஆணையத்திடம் பதிவு பெற்ற ஒரு வயர்மேனை அழைத்துத் திறந்து பார்த்ததில் இதுவே உறுதியானது. பாகத்தின் விலை 45 வெள்ளி, அவருடைய கூலி 90 வெள்ளி. அடுப்பு இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது.

எல்லாப் பழுதும் இவ்வளவு எளியது என்று நான் சொல்லவரவில்லை. ஒரு தட்டு அறவே சூடேறவில்லை என்றால், கண்ணாடியின் அடியிலுள்ள வெப்பச்சுருள் அறுந்திருக்கக்கூடும். 230 வோல்ட்டில் 1,800 வாட் எடுக்கும் சுருளின் மின்தடை, மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, சுருளின் முனைகளைக் கழற்றி அளந்தால், சுமார் 29 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் சுருள் போய்விட்டது என்று பொருள். அதுவும் தனியாக மாற்றக்கூடிய பாகம்தான். கண்ணாடி விரிசல் கண்டால் கதை வேறு. கொதித்து வழியும் நீர் அவ்விரிசல் வழியே மின்சாரம் ஓடும் பகுதிகளைத் தொட்டுவிடும் என்பதால், மயிரிழைக் கீறலாக இருந்தாலும் அடுப்பின் தனிச் சுவிட்சை அந்தக் கணமே அணைத்துவிட வேண்டும். ஒட்டுப்பசை பூசிச் சமாளிப்பதை யாரும் நினைத்தும் பார்க்கக்கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் தோசைக்கல் விழுந்து கண்ணாடி விரிசல் கண்டபோது, மாற்றுக் கண்ணாடியின் விலை புதிய அடுப்பின் விலையை நெருங்கியதால், நானும் புதியதைத்தான் வாங்கினேன்.

தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்புகளில் முடிவெடுப்பது இன்னும் கடினம். நம் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் மின்சுற்றுப் பலகையை வாட்டுகின்றன. காற்றாடித் துளைகள் வழியே கரப்பானும் பல்லியும் புகுந்து குறுக்குச்சுற்று ஏற்படுத்துகின்றன. பலகையில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் எரிந்திருந்தாலும், சேவை மையங்கள் பெரும்பாலும் பலகை முழுவதையும்தான் மாற்றுகின்றன. நான்கைந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட அடுப்பாக இருந்து, அதே மாதிரிக்குரிய பலகை கிடைக்குமானால், மாற்றிப் பயன்படுத்துவதில் நியாயம் உண்டு. பலகை மாற்றிய பின்னும் அதே கோளாறு திரும்பினால், நான் அதற்கு மேல் செலவு செய்யமாட்டேன்.

பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் நான் காணும் குறை, புதிய அடுப்பின் உண்மையான செலவு விலைச்சீட்டில் அடங்குவதில்லை என்பதுதான். பதிக்கும் அடுப்புக்கு மேடையில் வெட்டப்பட்ட துளை ஒரு குறிப்பிட்ட அளவுடையது. புதிய மாதிரி பத்து மில்லிமீட்டர் கூடினாலும் கருங்கல் மேடையை மறுபடி வெட்ட ஆள் தேட வேண்டும். 13 ஆம்பியர் பிளக்கில் ஓடிய சிறிய அடுப்பு அதிகம் போனால் 3 கிலோவாட் எடுக்கும். நான்கு தட்டு அடுப்பு 7 கிலோவாட் வரை எடுக்கும் என்பதால், அதற்கு மின்பெட்டியிலிருந்து 32 ஆம்பியருக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டியிருக்கும். தூண்டல் அடுப்புக்கு மாறும் குடும்பத்தில், இரும்புத் தோசைக்கல் தப்பிக்கும். பொங்கல் வைக்கும் பித்தளைப் பானையும் அன்றாட அலுமினியச் சட்டிகளும் மண்சட்டியும் அதில் சூடேறா. எங்கள் அம்மா விட்டுச்சென்ற பித்தளைப் பானை தங்கையிடம் இருப்பதால், அவருக்கு இது பணக்கணக்கு மட்டுமாக இருக்கவில்லை. தூண்டல் அடுப்பு மின்சாரத்தைச் சற்றுச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பது உண்மையே என்றாலும், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் சமைக்கும் வீட்டில் அந்தச் சேமிப்பு புதிய அடுப்பின் விலையை ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இதில் சட்டம் நமக்குத் துணையாக இருப்பதைப் பலர் அறியவில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, விற்ற பொருளைப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம் வரை கிடைக்க, தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால், அவ்வசதிக்குப் பொறுப்பேற்கப் போவதில்லை என்று விற்கும்போதே பயனீட்டாளருக்கு முறையாகத் தெரிவித்துவிட்டால், அந்தக் கடப்பாடு பொருந்தாது என்றும் அதே பிரிவு வழிவிடுகிறது. ஆகவே, வாங்கும்போது கையொப்பமிடும் தாள்களைப் படிக்காமல் விடுவது நமக்கே பாதகம். தகராறு ஏற்பட்டால், 50,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கையை 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திடம் கொண்டு செல்லலாம்.

என் கோரிக்கை இரண்டு. பார்வைக் கட்டணம் வாங்கும் எந்தக் கடையும், எந்தப் பாகம் பழுது, அது எப்படிச் சோதிக்கப்பட்டது, அந்தப் பாகத்தின் விலை என்ன, கூலி என்ன என்பதை எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு 'பழையது' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுச்செல்வது சேவை ஆகாது. தனியே வாழும் முதியவர்களிடம் அப்படி நடந்துகொள்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்ததாக, விற்கும் அடுப்பின் மாதிரிக்கு உதிரிப் பாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதை உத்தரவாதக் காலத்தின் அருகிலேயே, அதே அளவு எழுத்தில் விற்பனை ரசீதில் அச்சிட, உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு விதி வகுக்க வேண்டும். அந்த எண் ரசீதில் இருந்திருந்தால், பழுது கண்ட அன்றே பாகம் கிடைக்குமா என்று என் தங்கை கடையில் கேட்டிருப்பார்; 1,690 வெள்ளி விலைச்சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் தவித்திருக்கமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்,
குளுகோர், பினாங்கு