முடிஞ்ச பிறகு படம் போடுறீங்க, நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பட்டர்வொர்த்ல இருந்து எழுதுறேன். எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்தே தமிழ் பேப்பர் வாங்குறோம், இப்பவும் காலைல பசியாறும்போது பேப்பர் மேசை மேல இருக்கணும், அந்த உரிமைல கேக்குறேன். பினாங்குல நடக்கிற நாட்டியம், நாடகம், கச்சேரி, இலக்கிய கூட்டம் பத்தின செய்தி நிகழ்ச்சிக்கு முன்னாடியே வரணும். இப்ப வர்றதுல பெரும்பாலானது எல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் வருது.

அப்படி வர்றப்பவும் பாருங்க, படத்துல யாரு இருக்காங்க? டத்தோ குத்துவிளக்கு ஏத்துறார், தலைவருக்கு பொன்னாடை போத்துறாங்க, செய்தில முக்கால்வாசி வந்திருந்தவங்க பேருதான். ஆடின பொண்ணு பேர் இருக்காது, மிருதங்கம் வாசிச்சவர் பேர் இருக்காது, என்ன ஆடினாங்க என்ன பாடினாங்கன்னு ஒரு வரி கூட இருக்காது. போன வருஷம் ஒரு தமிழ் நாடகம் இங்க போட்டாங்க, நல்லா இருந்துச்சுன்னு பாத்தவங்க சொல்றாங்க, ஆனா அப்படி ஒண்ணு நடந்ததே எனக்கு பேப்பர்ல வந்த குரூப் போட்டோவ பாத்துதான் தெரியும். மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அரங்கத்துல பாதி நாற்காலி காலியா இருந்துச்சுன்னு பிறகு கேள்விப்பட்டேன், பாக்க ஆசைப்படுறவங்க வீட்ல உக்காந்திருக்கோம், அங்க நடிக்கிற பிள்ளைங்க காலி நாற்காலிய பாத்து நடிக்குதுங்க.

பினாங்குல ஒண்ணும் நடக்கலன்னு சொல்லவே முடியாது. 2008 ஜூலை 7ல ஜார்ஜ் டவுன யுனெஸ்கோ உலக பாரம்பரிய நகரமா அறிவிச்ச பிறகு இங்க கலை நிகழ்ச்சி எவ்வளவோ கூடிப்போச்சு, 2010ல ஜார்ஜ் டவுன் ஃபெஸ்டிவல் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் இலக்கிய விழாவும் வந்துச்சு, 2012ல சுவர் ஓவியம் வந்த பிறகு ஆர்மேனியன் ஸ்ட்ரீட்ல நடக்க இடம் இல்ல. லைட் ஸ்ட்ரீட் டேவான் ஸ்ரீ பினாங், ஸ்ட்ரெயிட்ஸ் கீ (Straits Quay) வளாகத்துல இருக்கிற பினாங்பேக் அரங்கம், பழைய பஸ் டிப்போவ மாத்தி வச்சிருக்கிற ஹின் பஸ் டிப்போன்னு இடத்துக்கும் குறைச்சல் இல்ல. இதெல்லாம் வெள்ளைக்காரன் பாக்கறதுக்கு, சீனங்க பாக்கறதுக்குன்னு நம்ம ஆளுங்க நெறைய பேர் ஒதுங்கிடுறாங்க, இலவசமா தெருவிலேயே நடக்கிற நிகழ்ச்சிக்கு கூட போறதில்ல, ஏன்னா யாரும் அவங்களுக்கு தமிழ்ல சொல்லல. இங்லீஷ் பேப்பர்ல வருது, ஃபேஸ்புக்ல வருது. எங்க அம்மா மாதிரி தமிழ் மட்டும் படிக்கிறவங்களுக்கு உங்க பேப்பர விட்டா வேற வழி என்ன சொல்லுங்க.

நம்மளோடதே எவ்வளவு இருக்கு. குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் 1833ல இருந்து இருக்கு, நவராத்திரி வந்தா கோயில் கோயிலா சின்ன பிள்ளைங்க ஆடுதுங்க பாடுதுங்க, எந்த கோயில்ல எந்த நாள் யாரு பாடுறாங்கன்றது அந்தந்த கோயில் நோட்டீஸ் போர்டோட நின்னுடுது. சூலியா ஸ்ட்ரீட் நாகூர் தர்கால கொடியேத்தம் நடக்குது. மொகரம் கொண்டாட்டத்தோட இந்திய பட்டாளத்து ஆளுங்க இங்க கொண்டு வந்ததா சொல்ற போரியான்ற பாட்டு நாடகம் இன்னைக்கு பினாங்கு மலாய்க்காரங்களோட பெருமையா இருக்கு, அதுல நம்ம பக்கத்து தொடர்பு இருக்குன்னு எத்தனை தமிழ் பிள்ளைக்கு தெரியும்? உறுமி மேளம் அடிக்கிற பசங்கள தைப்பூசத்தப்ப சத்தம் கூடிப்போச்சுன்ற பிரச்சனையிலதான் எழுதுறோம், அவங்க எங்க பழகுறாங்க, யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு ஒரு தடவையாச்சும் எழுதுங்களேன்.

முன்கூட்டியே சொல்றது உங்களால முடியாத காரியம் இல்ல. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் எத்தனை மணிக்கு கிளம்புது, தங்க ரதம் எந்த ரோட்ல வருது, எந்த ரோடு அடைப்பு, எந்த தண்ணீர் பந்தல் எங்கன்னு ஒரு வாரத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது, அதை பாத்துதான் நாங்க ஃபெர்ரி எடுத்து வந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு போறோம். அதே மாதிரி ஒரு நாடகத்துக்கும் ஒரு அரங்கேற்றத்துக்கும் சொன்னா போதும்.

பழைய பத்திரிகைங்க இதைவிட பெருசாவே செஞ்சிருக்கு. 1950 வாக்குல தமிழ் நேசன்ல கதை வகுப்பு நடத்தினாங்க, பேப்பர் மூலமாவே கதை எழுத சொல்லிக் கொடுத்தாங்க, அதுல இருந்து வந்த எழுத்தாளருங்க எத்தனை பேர். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952ல தமிழர் திருநாளை ஆரம்பிச்சு வச்சார், சிங்கப்பூர் மலாயா பூரா ஊர் ஊரா ஆட்டம் பாட்டு போட்டின்னு நடந்துச்சு. 1924ல தொடங்கின தமிழ் நேசன் 2019ல நின்னு போனப்ப எங்க வீட்ல எல்லாரும் வருத்தப்பட்டோம். இருக்கிற பத்திரிகைங்க மேலதான் இப்ப எங்க எதிர்பார்ப்பு எல்லாம்.

நான் கேக்கிறது வாரத்துல அரை பக்கம். வியாழக்கிழமை வந்தா நல்லது, ஞாயிறு பதிப்புல போட்டா சனிக்கிழமை நிகழ்ச்சி முடிஞ்சு போயிருக்கும். என்ன நிகழ்ச்சி, யாரு பண்றாங்க, எங்க, எத்தனை மணிக்கு, இலவசமா இல்ல டிக்கெட் எத்தனை ரிங்கிட், எந்த மொழில நடக்குது, சின்ன பிள்ளைங்கள கூட்டிட்டு வரலாமா, இதை போடுங்க. ஜார்ஜ் டவுனுக்குள்ள இலவச கேட் (CAT) பஸ் ஓடுது, அது அந்த அரங்கத்து பக்கம் போகுதா, நிகழ்ச்சி முடியிற நேரத்துக்கு அக்கரைல இருக்கிற பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி இருக்குமா, இதையும் சேத்து போட்டா பிறை, புக்கிட் மெர்தாஜாம் ஆளுங்களுக்கு பெரிய உதவி. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு மாடிப்படி இருக்கா லிஃப்ட் இருக்கான்றதும் முக்கியம், எங்க அம்மாவுக்கு முட்டி வலி, அது தெரியாம கூட்டிட்டு போக முடியாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியருங்களும் இதை பாத்து பிள்ளைங்கள கூட்டிட்டு போக திட்டம் போடலாம்.

இன்னொண்ணு, கலை செய்தின்னாலே கோலாலம்பூர் செய்தின்னு ஆயிடக்கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸ்ல, செந்தூல் பக்கம் நடக்கறது எல்லாம் நல்லா வருது, வரட்டும், அங்க உள்ளவங்களுக்கு அது வேணும். நாட்டியமும் இசையும் சொல்லிக் கொடுக்கிற, 1981ல ஆரம்பிச்ச டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸுக்கு பினாங்குலயும் கிளை இருக்கு, இங்கயும் பிள்ளைங்க வருஷக்கணக்கா பரதம் வீணை எல்லாம் கத்துக்குதுங்க, என் அக்கா மகளும் ஒரு டீச்சர்கிட்ட வீணை படிக்கிறா, அவ கூட படிக்கிறவங்கள்ல சீன பொண்ணும் ஒண்ணு இருக்கு, எவ்வளவு அழகா வாசிக்குது தெரியுமா. இது செய்தி இல்லையா?

நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கும் இந்த கடிதம் வழியா ஒரு வார்த்தை சொல்லணும். முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல போஸ்டர் அனுப்பிட்டு கூட்டம் வரலன்னு வருத்தப்படாதீங்க, ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே பேப்பர் ஆபிசுக்கு விவரத்த அனுப்புங்க, ஆடுறவங்க வாசிக்கிறவங்க பேரையும் முழுசா எழுதி அனுப்புங்க. நிருபருங்க குறைவு, ஒருத்தரே மூணு நிகழ்ச்சிக்கு ஓடுறாங்கன்றது எங்களுக்கும் புரியுது.

முடிஞ்ச பிறகு எழுதுறதையும் நிறுத்த வேணாம், ஆனா உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தவங்க எழுதட்டும். நல்லா இருந்தா நல்லா இருந்துச்சு, வசனம் கேக்கலன்னா கேக்கல, மைக் சரியில்லன்னா சரியில்லன்னு எழுதட்டும். ஆடின பிள்ளைக்கு அந்த பேப்பர் கட்டிங்தான் காலத்துக்கும் இருக்கும், அதுல அதோட பேர் தப்பில்லாம இருக்கணும்.

வர்ற நவராத்திரில இருந்து ஆரம்பிச்சா ரொம்ப சந்தோஷப்படுவோம். பட்டர்வொர்த், பிறை பக்கத்து கோயில்ங்கள்ல ஒம்பது நாளும் யாரு பாடுறாங்க ஆடுறாங்கன்ற பட்டியல நானே கேட்டு வாங்கி உங்க ஆபிசுக்கு அனுப்பி வைக்கிறேன், எந்த தேதிக்குள்ள, யார் பேருக்கு அனுப்பணும்னு மட்டும் பேப்பர்ல ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு