மதிப்புப் போட எதற்குக் கட்டணம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

உ

காரைக்குடி

அன்புடையீர்,

வணக்கம். பங்கு பிரிக்கவும் வீட்டை ஒழிக்கவும், பழைய வீட்டுச் சாமான்களுக்கு மதிப்புப் போட எங்களை அழைக்கிற ஆச்சிமார், அண்ணன்மார் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "சாமானைப் பார்த்து விலை சொல்வதற்கு எதற்குக் கட்டணம்? கடைக்காரர் சும்மாவே சொல்கிறாரே?" நியாயமான கேள்வி. விவரமாகவே பதில் எழுதுகிறோம்.

கடைக்காரர் சொல்வது, தான் வாங்க நினைக்கும் விலை. அது அவர் வியாபாரம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான பெட்டகத்துக்கு அந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டால், யாரோ ஒருவர் தலையில் நட்டம் விழும். அதனால்தான் நாங்கள் மதிப்புப் போடும் எந்தப் பொருளையும் நாங்கள் வாங்குவதில்லை, விற்றுக் கொடுப்பதும் இல்லை. கட்டணமும் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கிடையாது. வேலைக்கு ஆகும் நேரத்துக்குத்தான். மதிப்பு ஏற ஏறக் கூலியும் ஏறுமென்றால், எழுதுகிற கை தானாக ஏற்றி எழுதும்.

கட்டணத்தைப் பற்றிய இந்த விதி நாங்களாக வைத்துக்கொண்டது இல்லை. அமெரிக்காவில் மதிப்பீட்டாளர்களுக்கென்று 'யூஸ்பேப்' என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. 1987இல் ஏற்படுத்தப்பட்ட அப்ரைசல் ஃபவுண்டேஷன் அதை வெளியிடுகிறது. அதைக் கற்க முதலில் 15 மணி நேர வகுப்பும் தேர்வும். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 7 மணி நேர வகுப்பு. வேலைக் குறிப்புகளைக் குறைந்தது 5 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் அப்ரைசர்ஸ் போன்ற சங்கங்கள் இதற்கு மேலும் பாடம் நடத்தி, அனுபவத்தைப் பார்த்துத்தான் தகுதிச் சான்று தருகின்றன. எங்கள் நிலையத்தில் மூத்தவர் அந்த 15 மணி நேர வகுப்பை முடித்திருக்கிறார், இளையவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டு நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் வந்த பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகளில் நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்குப் பத்திரமும் நிதிச் சொத்தும் என்று மூன்றே வகைகள். பரணில் கிடக்கும் அண்டாவுக்கும் எனாமல் அடுக்குக்கும் அதில் இடமில்லை. எனவே "அரசாங்க சர்டிபிகேட் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த வகைக்கு என்று கேளுங்கள். எங்களையும் கேளுங்கள். வருமான வரிக்காக நகை மதிப்பீடு வேண்டுவோரை, அதற்கெனத் தனியாகப் பதிவு பெற்றவரிடமே அனுப்பிவிடுகிறோம்.

படிப்பு எங்கே உதவுகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறோம். நம் வீடுகளின் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், மாட்டியிருக்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களை "ரவிவர்மா கையால் வரைந்தது" என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அம்மன் கன்னத்தில் வைத்துப் பார்த்தால், தூரிகைத் தடத்துக்குப் பதில் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து மை ஏற்றி, அடித்த படம் அது. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் பெயர் ஓரத்தில் இருக்கிறதா என்று அடுத்துப் பார்ப்போம். உடனே மனம் உடைய வேண்டாம். புடவைக்குச் சரிகையும் சம்கியும் ஒட்டிக் கையால் அலங்கரித்த படங்கள் இங்கே பல வீடுகளில் உண்டு. துணி நைந்திருக்கிறதா, சட்டம் பழைய தேக்குதானா, பின்பலகையை யாராவது மாற்றினார்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் மதிப்பு. சரிகையைப் பிய்த்துவிட்டுப் படத்தை மட்டும் புதுச் சட்டத்தில் போட்ட வீடுகளைப் பார்க்கும்போது எங்களுக்கு வயிறு எரிகிறது.

அதே படத்துக்கு இரண்டு தொகை வரலாம். பங்கு பிரிக்க, சந்தையில் விற்றால் என்ன கிடைக்கும் என்பது கணக்கு. காப்பீட்டுக்கு, தொலைந்தால் அதேபோல் இன்னொன்று வாங்க என்ன ஆகும் என்பது கணக்கு. எதற்காக மதிப்பு வேண்டும் என்று முதலிலேயே நாங்கள் கேட்பது இதனால்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருட்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அந்த வயதுள்ள கல், உலோக விக்கிரகங்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். தந்தத்தை விற்பதற்கு வழியே இல்லை. அதற்கு எங்களிடம் விலை கேட்க வேண்டாம்.

நாங்கள் வரும் நாளில் கல்யாணச் சிட்டை (கல்யாணச் சீர்ச் சாமான் பட்டியல்), பழைய ரசீது, வீட்டு விசேஷப் போட்டோ எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கி வைக்காதீர்கள். பாத்திரத்தில் வெட்டிய பேரும் வருஷமும் தேய்ந்து போகும். எங்களுக்கு முதல் சாட்சி அந்த எழுத்துதான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வீட்டுப் பொருள் மதிப்பீட்டு நிலையத்தார்