நடக்கிறவரிடம் காரணம் கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அமெரிக்காவில் ஐந்து மாதம், ஆறு மாதம் என்று முதுகில் மூட்டையோடு மலையும் காடுமாக 3,500 கிலோமீட்டர் நடக்கிறவர்களைப் பற்றி வந்த செய்திக்கு அவர் எழுதிய பதில் அது. காரும் பஸ்ஸும் இருக்கிற காலத்தில் இதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு, நம் ஊரில் பழனிக்கு நடக்கிறவர்களுக்காவது ஒரு வேண்டுதல் இருக்கிறது, இவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது என்று கேட்டிருந்தார். நான் இந்த இரண்டு விதமாக நடக்கிறவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள். காரைக்குடியிலிருந்து பழனிக்குப் பதினோரு தடவை நடந்திருக்கிறேன். அந்த அமெரிக்கப் பாதையில் நான் நடந்ததில்லை, ஆனால் அதில் நடந்து வந்தவர்களுக்கு ஒரு கோடை முழுக்கச் சோறு போட்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் மகள் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். பேத்தி பிறந்த சமயம், 2023 ஏப்ரலில் போய் ஆறு மாதம் அங்கே இருந்தேன். அவள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரத்தில் அப்பலாச்சியன் பாதை ரோட்டைக் கடக்கிற இடம் வருகிறது. தெற்கே ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி வடக்கே மெயின் மாநிலத்தில் கட்டாடின் மலை வரைக்கும் 14 மாநிலங்கள் வழியாகப் போகிற ஒற்றையடிப் பாதை அது. மரத்திலும் பாறையிலும் வெள்ளைப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். முழுசாக நடந்து முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார் என்கிறார்கள். வர்ஜீனியாவுக்குள் மட்டும் ஏறக்குறைய 880 கிலோமீட்டர். ஆரம்பத்தில் இருந்த உற்சாகமெல்லாம் வற்றி, மாநிலம் முடியவே முடியாதோ என்று தோன்றுகிற இடம். அந்தச் சோர்வுக்கு 'வர்ஜீனியா ப்ளூஸ்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். பழனிக்கு நடக்கிற எங்களுக்கு வழியில் நத்தம் தாண்டி வருமே, அந்தச் சோர்வுதான்.

மருமகன்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனார். ரோட்டோரம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர் மோர்ப்பந்தல்தான் ஞாபகம் வந்தது. அடுத்த சனிக்கிழமை எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஒரு பெரிய குடுவையில் மோர். அப்புறம் முடிந்த சனிக்கிழமையெல்லாம் போனேன். அவர்களுக்குப் பசி என்றால் அப்படி ஒரு பசி, நாள் முழுக்க ஏறி இறங்குகிற உடம்பு எவ்வளவு போட்டாலும் கேட்கும். தயிர் சாதத்தை முன்னே பின்னே பார்த்திராதவர்கள் மூன்றாவது தட்டுக்கு நீட்டுவார்கள்.

எனக்கும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் நடக்கிறீர்கள் என்று என் இங்கிலீஷில் கேட்பேன். முதலில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். இயற்கை பிடிக்கும், வேலை மாறுவதற்கு நடுவில் நேரம் கிடைத்தது, சின்ன வயதிலிருந்தே ஆசை. இரண்டாவது டம்ளர் மோருக்கு அப்புறம்தான் மற்றது வெளியே வரும். தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர், நேரம் நிறைய இருக்கிறது, அதனால் வந்தேன் என்றார். கிளம்பும்போது, இதை நானும் என் அண்ணனும் சேர்ந்து நடப்பதாக இருந்தோம் என்று மட்டும் சொன்னார். அண்ணன் எங்கே என்று நான் கேட்கவில்லை. கொரோனா இரண்டு வருஷமும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு நர்ஸ் பெண், எந்த இயந்திரமும் பீப் பீப் என்று சத்தம் போடாத இடத்தில் தூங்க வேண்டும்போல இருந்தது என்றாள்.

ஒரு பையனை மறக்க முடியாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கால் இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். கல்லூரியைப் பாதியில் விட்டவன், அதற்கு முன்னால் நீச்சல் பயிற்சியை விட்டவன், கிதார் கற்றுக்கொள்வதை விட்டவன், எல்லாவற்றையும் விரல் மடக்கிச் சொன்னான். அப்பா அவனைத் திட்டுவதே இல்லையாம், அவன் எதையாவது தொடங்கினால் 'சரி, பார்ப்போம்' என்பாராம். அந்த 'பார்ப்போம்' தான் தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். அந்த 'பார்ப்போம்' என் வாயிலிருந்தும் எத்தனை பிள்ளைகளிடம் வந்திருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் முடித்தானா, தெரியாது. ஃபோன் எண்ணும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பையனுக்குக் காரணம் இல்லை என்றா அந்த வாசகர் சொல்கிறார்?

இப்போது வேண்டுதல் விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் 2009 ஆவணியில் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் பிரியத்தில் வந்தவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அழுதால் 'போதும்டி, உடம்பு என்னத்துக்கு ஆகும்' என்பார்கள், அழாமல் இருந்தால் 'கல்லு மாதிரி இருக்காளே' என்று அடுப்படியில் பேசிக்கொள்வார்கள். 2011 தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு குழு மாலை போட்டது. நானும் வருகிறேன் என்றேன். மாமியார், நாத்தனார், என் தம்பி, எல்லோரும் கேட்ட முதல் கேள்வி 'என்ன வேண்டுதல்?' மகளுக்கு நல்ல வரன் அமையணும் என்று சொன்னேன். உடனே எல்லோருக்கும் சம்மதம். அது பொய் என்று முருகனுக்குத் தெரியும். எனக்கு யாரும் முகத்தைப் பார்க்காத இடத்தில் அழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதை வீட்டில் சொல்லியிருந்தால் என்னை அனுப்பியிருப்பார்களா?

குன்றக்குடி தாண்டும் வரை ஒன்றுமில்லை. சிங்கம்புணரிக்கு அப்புறம் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம், நல்ல பனி, முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வரிசையில் நடந்தேன். முன்னால் போகிறவர் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. யாரோ அரோகரா என்கிறார்கள், எல்லோரும் அரோகரா என்கிறார்கள், அந்தச் சத்தத்துக்குள் நான் வாய்விட்டு அழுதேன். வெளுக்கிற வரைக்கும் அழுதேன். பக்கத்தில் நடந்த ஆச்சி ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்து என் கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்துவிட்டு நடந்துகொண்டே இருந்தார். திண்டுக்கல்லில் என் கால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு வெந்நீரில் உப்புப் போட்டு முக்கச் சொன்னதும் அவர்தான். ஒட்டன்சத்திரம் தாண்டி மலை கண்ணில் படுகிறவரை ஒன்றாகவே நடந்தோம். அவர் எதற்காக நடந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறமும் ஒவ்வொரு வருஷமும் அதே காரணத்துக்காகப் போனேன் என்றில்லை. ஒரு தடவை மகளோடு பெரிய சண்டை, அவள் கல்யாண விஷயம்தான், ஆறு நாள் நடந்து முடித்தபோது கோபம் வடிந்திருந்தது, வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளையையே முடிக்கலாம் என்று சொன்னேன், மோர்க்குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்த மருமகன் அவர்தான். 2016இல் ஓய்வு பெற்றேன், பள்ளிக்கூட மணி இல்லாத காலையை என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த தையில் நடந்தேன். இந்த வருஷம் எந்தக் காரணமும் இல்லை. நடக்கப் பிடிக்கிறது, போனேன்.

வீட்டில் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் சுமந்துகொண்டு நடக்கிறது நம் ஊர்ப் பெண்களோடு முடிகிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். எம்மா கேட்வுட் என்கிற அம்மாளின் கதையை மகள் சொன்னபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒஹாயோ மாநிலத்துக்காரர், 11 பிள்ளைகளைப் பெற்றவர். 1955 மே மாதம், தம்முடைய 67ஆம் வயதில், பிள்ளைகளிடம் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜார்ஜியாவுக்குப் போய் நடக்கத் தொடங்கினார். தோளில் அவரே தைத்த ஒரு துணிப்பை, காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை. கூடாரம் கிடையாது. 146 நாள் நடந்து செப்டம்பர் 25ஆம் தேதி கட்டாடின் உச்சியில் நின்றார். முழுப் பாதையையும் ஒரே மூச்சில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். அதற்கு முந்தின வருஷமும் முயன்று, மெயின் காட்டில் வழி தவறி, கண்ணாடி உடைந்து, வீட்டுக்குப் போங்கள் பாட்டி என்று வனக்காவலர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வழியெல்லாம் பத்திரிகைக்காரர்கள் ஏன் ஏன் என்று கேட்டபோது, பத்திரிகையில் இந்தப் பாதையைப் பற்றிப் படித்தேன், நடந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது என்கிற மாதிரித்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

முப்பது வருஷத்துக்கும் மேல் கணவரிடம் அடிபட்டவர் அவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. பல் உடைகிற அளவுக்கு அடி. 1941இல்தான் விவாகரத்து கிடைத்தது. தாங்க முடியாத நாட்களில் காட்டுக்குள் போய்விடுவாராம், அவருக்கு நிம்மதி அங்கேதான் இருந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் ஊருக்குச் சொல்லவில்லை, அவர் காலத்துக்கு வெகுநாள் பின்னால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பாதையை 1957இல் இன்னொரு தடவை முழுசாக நடந்தார், மூன்றாவது தடவை துண்டு துண்டாக நடந்து 1964இல் முடித்தார். எனக்கும் இப்போது 67தான் நடக்கிறது. அவர் படத்தை ஃபோனில் வைத்திருக்கிறேன்.

அவருக்கு ஏழு வருஷம் முன்னால், 1948இல், ஏர்ல் ஷாஃபர் என்பவர் அந்தப் பாதையை முழுசாக நடந்தார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்துவிட்டு வந்தவர். கூட நடப்பதாக இருந்த நண்பர் அந்தப் போரில் ஈவோ ஜீமா தீவில் செத்துப்போனார். பட்டாளத்தைத் தன் உடம்பிலிருந்து நடந்தே இறக்கி வைக்க வேண்டும் என்று கிளம்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதே மனிதர் 1998இல் 79 வயதில் மறுபடியும் முழுப் பாதையையும் நடந்தார். அந்த ஐம்பது வருஷத்தில் அவர் மனசில் என்னென்ன இருந்ததோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் பெரும்பாலானவர்கள் சொந்தப் பெயரில் நடப்பதில்லை. வழியில் மற்றவர்கள் வைக்கிற ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆறு மாதமும் அந்தப் பெயர்தான். இங்கே மாலை போட்டதும் எல்லோரும் சாமி. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவரும் சாமி, அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவரும் சாமி. நான் முதல் தடவை போனபோது என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிடவில்லை, முக்கியமாக 'பாவம் அவுக' என்று யாரும் சொல்லவில்லை. பெயர் இறங்கினதும் என் மேல் ஏறியிருந்த பாதி பாரம் இறங்கியது. அதற்காகவே நடக்கிறவர்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த நர்ஸ் பெண் பாதை முடிவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டதாக மகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். எங்கள் குழுவிலும் நடந்து வந்த மறுவாரமே பழையபடி குடிக்கத் தொடங்கினவர் உண்டு. முட்டி போனவர்களும் உண்டு, என் வலது முட்டி மாடிப்படி ஏறும்போது சொல்லும்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாராவது, அதிலும் ஒரு பெண், நடந்து போக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் காரணத்தைக் கேட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். எந்த வழி, எங்கே தங்கல், கூட யார் என்று கேளுங்கள், அது நியாயம், நானும் கேட்பேன். டார்ச் லைட் வாங்கிக் கொடுங்கள், முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுங்கள். காரணம் அவர்களிடமே இருக்கட்டும். பாதி பேருக்குக் கிளம்பும்போது அது என்னவென்று தெரியாது, நாலாவது நாளோ ஐந்தாவது நாளோதான் தெரிய வரும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. வரும் தைக்கு உங்களோடு வரட்டுமா டீச்சர் என்று போன மாதம் கேட்டாள். வீட்டில் என்ன வேண்டுதல் என்று கேட்கிறார்களாம், ஒன்றுமில்லை என்றதும், ஒன்றுமில்லாமல் எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். நானே போய் அவள் மாமியாரிடம் பேசினேன். வேண்டுதல் என்னுடையது, ஒரு துணையோடு வருகிறேன் என்று முருகனிடம் சொல்லியிருக்கிறேன், இவளை அனுப்புங்கள் என்றேன். சரி என்று விட்டார்கள். அவளுக்கும் சேர்த்து மாலை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காரைக்குடி.