தரையைத் துடைக்கச் சொன்னவரும் சம்பளத்துக்குப் பொறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்து நாளைக்கு முன்பு நெல்லை ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றபோது தூணில் ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது. ‘ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் பெண்கள் தேவை. பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு.’ கீழே ஒரு செல் நம்பர். ஏஜென்சியின் பெயர் இல்லை, ஆபீஸ் எங்கே என்று இல்லை. 2023-இல் இதே மாதிரி ஒரு நோட்டீஸைப் பார்த்துத்தான் நானும் வேலைக்குப் போனேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 47 வயது. ஊர் சுத்தமல்லி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றியவள். இலை வரத்து குறைந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆனபிறகு, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டித் துடைக்கப் போனேன். ஆள் அனுப்பியது ஒரு மேன்பவர் ஏஜென்சி. நாங்கள் பதினொரு பெண்கள். பிடித்தம் போகக் கைக்கு நாளுக்கு 360 ரூபாய், 26 நாள் பார்த்தால் 9,360. ஒன்றே முக்கால் வருஷம் ஒழுங்காக பேங்கில் ஏறியது. குறை சொல்ல மாட்டேன்.

2025 மே மாதச் சம்பளம் ஏறவில்லை. சூப்பர்வைசர் பையன், “முதலாளி ஊர்ல இல்லக்கா, திங்கக்கிழமை போட்டிருவாவ” என்றான். எந்தத் திங்கட்கிழமை என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜூனும் போனது. ஜூலையில் எட்டு நாள் பார்த்துவிட்டு, இனி முடியாது என்று நின்றோம். ஆளுக்கு 21,600 ரூபாய் பாக்கி. வண்ணார்பேட்டையில் மாடியில் இருந்த ஏஜென்சி ஆபீஸைத் தேடிப் போனால் பூட்டு தொங்குகிறது, போர்டு கழற்றிய இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது.

மருத்துவமனையில் கேட்டோம். “நீங்க எங்க ஸ்டாஃப் இல்லம்மா. ஏஜென்சிக்கு நாங்க பில் கட்டியாச்சு” என்றார்கள். எந்த வார்டை எத்தனை மணிக்குத் துடைக்க வேண்டும், எந்த மருந்தை எத்தனை மூடி ஊற்ற வேண்டும் என்று இரண்டு வருஷம் எங்களிடம் சொன்னது அவர்கள்தான். ஏஜென்சி முதலாளியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. சம்பளம் கேட்கும்போது மட்டும் அவர் எங்கள் முதலாளி ஆகிவிட்டார்.

எங்கள் தெருவில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி இருக்கிறார். தொழிற்சங்கத்தில் இருந்தவர். கலெக்டர் ஆபீஸுக்கு நான் எழுதி வைத்திருந்த மனுவை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர், “ஏஜென்சிய மட்டும்தான எழுதியிருக்க, ஆஸ்பத்திரி பேரு எங்க தாயி?” என்றார். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 21-ஆவது பிரிவை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கான்ட்ராக்ட்காரர் சம்பளம் கொடுக்கும்போது வேலை நடக்கும் இடத்தின் ஆள் ஒருவர் கூட இருந்து, கொடுத்தாயிற்று என்று சான்று தர வேண்டும் என்று அதில் இருந்தது. கான்ட்ராக்ட்காரர் கொடுக்காமல் போனாலோ குறைத்துக் கொடுத்தாலோ, அந்த இடத்துக்காரர்தான் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். அப்புறம் அதைக் கான்ட்ராக்ட்காரரிடம் வசூலிப்பதோ பில்லில் பிடிப்பதோ அவர் பாடு. பில் கட்டியாயிற்று என்பது எங்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலே இல்லை.

மனுவைத் திருத்தி இரண்டு பேரையும் எதிர்மனுதாரர் ஆக்கினோம். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். அங்கே தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு 1999 ஜூலை 23 ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் இந்த ஆற்றில்தான் உயிர்விட்டார்கள். அன்று சாயங்காலம் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்து அந்தச் செய்தியைக் கேட்டது நினைவிருக்கிறது. சரி, அது வேறு கதை.

மனு தொழிலாளர் துறைக்குப் போனது. அங்கே முதலில் கேட்டது, வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று. வேலைக்கான ஆர்டர் இல்லை, சம்பளச் சீட்டு ஒரு மாதம்கூடத் தரவில்லை. கைரேகை மெஷின் ஏஜென்சியோடு போய்விட்டது. என்னிடம் இருந்தது பேங்க் பாஸ்புக், கழுத்தில் மாட்டும் கார்டு, அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. பீடிக் கடையில் இலை எவ்வளவு, கொடுத்த பீடி எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று பாஸ்புக்கில் பதிவார்கள். கடைக்காரர் ஒரு கணக்கு வைத்தால் வீட்டில் நாம் ஒரு கணக்கு வைக்க வேண்டும் என்பது எங்கள் அம்மாவின் பழக்கம். அதே பழக்கத்தில் மருத்துவமனையிலும் தினம் தேதி, வார்டு, ஷிப்ட், கூட நின்றவர் பெயர் எல்லாம் எழுதி வந்தேன். கூட இருந்தவர்கள், “ஏன் மதினி, பரீட்சைக்குப் படிக்கியளா?” என்று கேலி செய்தார்கள். மருத்துவமனையின் டூட்டி பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி நோட்டோடு ஒப்பிட்டபோது இரண்டு நாள்தான் வித்தியாசம் வந்தது. அந்த இரண்டு நாளும் அவர்கள் பக்கத்துப் பிழை.

மூன்று முறை விசாரணை. ஏஜென்சிக்காரர் ஒரு முறையும் வரவில்லை. மூன்றாவது முறை மருத்துவமனை வக்கீல் செக் கொண்டுவந்தார். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு 21,600-ம் கைக்கு வந்தது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால்தான் இத்தனை தடவை அலைய முடிந்தது.

பி.எப். கதை இன்னும் முடியவில்லை. மகள் போனில் பார்த்துச் சொன்னாள், கடைசி ஏழு மாதம் எங்களிடம் பிடித்த பணம் கட்டப்படவே இல்லை. மே மாதம் வரை காத்திருக்காமல் அதை முதலிலேயே பார்த்திருந்தால், ஏஜென்சி ஆட்டம் காண்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். சம்பளம் நிற்பதற்கு முன்பே பி.எப். நின்றுவிட்டது. ஏஜென்சியில் வேலை பார்ப்பவர்கள் மாதம் ஒரு முறை வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கும் மருத்துவமனையே பொறுப்பு என்று அண்ணாச்சி சொல்கிறார். அந்த மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் போய்ப் புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. சம்பளப் பாக்கி கேட்டு மனுப் போட ஓராண்டு என்றிருந்தது இப்போது மூன்றாண்டு. நல்லதுதான். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி பொருந்த முன்பு 20 ஆள் இருந்தால் போதும், இப்போது 50 வேண்டும். எங்கள் ஏஜென்சி நான்கு இடங்களுக்கும் சேர்த்து முப்பது சொச்சம் பேரைத்தான் வைத்திருந்தது. நெல்லை மாதிரி ஊரில் ஐம்பது ஆள் வைத்திருக்கும் ஏஜென்சியை எண்ணிவிடலாம். சின்ன ஏஜென்சியிடம் ஏமாறுகிறவளுக்கும் வயிறு ஒன்றுதான். அரசு இதைத் திரும்ப யோசிக்க வேண்டும்.

தொழிலாளர் துறைக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், ஆய்வாளர் யார் என்ற அறிவிப்பை வேலை இடத்தில் மாட்ட வேண்டும் என்று பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதியிலேயே இருந்ததாம். இரண்டு வருஷத்தில் மருத்துவமனையில் நான் பார்த்த அறிவிப்பு ‘செருப்பை வெளியே விடவும்’ ஒன்றுதான். ஒருமுறை வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.

பதினொரு பேரில் ஏழு பேர்தான் மனுவில் கையெழுத்துப் போட்டோம். மற்ற நான்கு பேர், அடுத்த ஏஜென்சியும் வேலை தராது என்று பயந்து ஒதுங்கிவிட்டார்கள். இரண்டு பேர் போன் நம்பரையும் மாற்றிவிட்டார்கள். அவர்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் கண்ணில் பட்டால் சுத்தமல்லிக்கு வரட்டும், என் வீடு தெரியும். நோட்டில் அவர்கள் டூட்டியும் எழுதியிருக்கிறேன், நகல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சுத்தமல்லி, திருநெல்வேலி மாவட்டம்.