வெளிறிய நாற்று

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ போன் பேசி மூன்று ஞாயிறு ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். மாமா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ மேஜையில் விட்டுப்போன கட்டுரையை அகராதியும் கையுமாகப் படித்தேன். 2009இல் வந்தது. நெல்லில் வைரெசென்ட்3, ஸ்ட்ரைப்1 என்று இரண்டு மரபணுத் திரிபுகள். இத்தனை வருஷம் தாவரவியல் நடத்திய எனக்கே இது புதிது. ஆர்என்ஏவைக் கட்டும் செங்கல்லான நியூக்ளியோட்டைடில் ஓர் ஆக்சிஜனைக் கழற்றி, டிஎன்ஏவுக்கு ஆகும்படி மாற்றித் தருகிறது ரைபோநியூக்ளியோட்டைடு ரிடக்டேஸ் என்ற நொதி. அதில் பெரியது, சிறியது என்று இரண்டு வகைப் பாகங்கள். ஒரு திரிபில் பெரியது பழுது, மற்றதில் சிறியது. நொதி மந்தமானால் குருத்துக்கு வேண்டிய சரக்கு போதாது. ஆனாலும் பயிர் நின்றுவிடுவதில்லை. இருப்பதை உட்கருவின் டிஎன்ஏவுக்குக் கொடுத்துவிட்டு, இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் டிஎன்ஏவைப் பட்டினி போடுகிறது என்று கருதுகிறார்கள். இலை நீளுகிறது, அடுத்த குருத்தும் வருகிறது. நிறம் மட்டும் வெளிறிக் கோடுகோடாய்.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். கடைசியாக வீடியோவில் வந்தபோது உன் கன்ன எலும்பு தெரிந்தது. கேட்டால், "வேலை நல்லாப் போகுதுப்பா" என்பாய். போகட்டும். ராத்திரி சாப்பிட்டாயா?

யார் கேட்டாலும், நெல் இலைக்குப் பச்சை எப்படி வருகிறது என்று என் மகள் ஆராய்கிறாள் என்கிறேன். சொல்லும்போதே நெஞ்சு நிறைகிறது. அதற்காக வீட்டுக்கு ஒரு வரி எழுதவும் நேரமில்லாமல் போகுமா? தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

ஏழாவது படிக்கும்போது, நாற்றங்காலில் கிடைத்த வெள்ளைக் கோடு போட்ட நாற்று ஒன்றைக் கொட்டாங்குச்சியில் வைத்துக் கிணற்றடியில் வளர்த்தாயே. ஆடு மேய்ந்துவிட்டது என்று சொன்னேன். ஆடு இல்லை. காலாண்டில் உனக்குக் கணக்கு மார்க் குறைந்த அன்றைக்கு, நான்தான் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டேன். அதன் நாலாவது இலை பச்சையாக வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டேதான் பிடுங்கினேன்.

அன்றிரவு நீ சாப்பிடாமல் படுத்தாய். நான் எழுப்பவில்லை.

அப்பா