ஹேக் கவுன்டரில் மாட்டுவது சூளூர்பேட்டைக் காகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை, பழவேற்காடு என்று ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து படிக்கவும் வேலைக்கும் நெதர்லாந்து போகிறவர்கள் உண்டு. பின்னாலேயே பெற்றோரும் மூன்று மாத விசாவில் பார்க்கப் போகிறார்கள். இவர்களுக்கு இணையத்தில் கிடைப்பதெல்லாம் துலிப் தோட்டமும் ஆம்ஸ்டர்டாம் படகுச் சவாரியும்தான். ஆனால் தங்கப் போகிறவர் அங்கே முதலில் போய் நிற்க வேண்டியது நகராட்சிக் கவுன்டரில். அங்கே ஒரு தாள் நிராகரிக்கப்பட்டால், அந்தப் பிழை பெரும்பாலும் இங்கே, நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடையிலேயே நடந்து முடிந்திருக்கும். தமிழ்நாடு, ஆந்திரா என்று இரண்டு மாநிலத்துக் காகிதங்களை வைத்திருக்கும் எல்லைக்காரர்களுக்குத் தொல்லையும் இரண்டு மடங்கு. அதனால் தி ஹேக் நகரத்தை எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறோம்.

நெதர்லாந்தின் தலைநகர் ஆம்ஸ்டர்டாம். நாடாளுமன்றம், அமைச்சகங்கள், இந்தியத் தூதரகம் எல்லாம் இருப்பது ஹேக்கில். ரயில் நிலையப் பலகையில் 'டென் ஹாக்' என்று இருக்கும், ஊர் அதுதான்.

நான்கு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர், வந்து 5 நாளுக்குள் தாம் குடியிருக்கும் ஊரின் நகராட்சியில் பதிவு செய்தாக வேண்டும். குடியிருக்கும் ஊர் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். பக்கத்து ஊரான டெல்ஃப்டில் அறை எடுத்தவர் ஹேக்குக்கு வந்து பயனில்லை. டெல்ஃப்ட் நகராட்சி அலுவலகம் அந்த ஊர் ரயில் நிலையக் கட்டடத்திலேயே இருக்கிறது, இறங்கியதும் போய்விடலாம். பதிவு முடிந்தால் 9 இலக்க எண் ஒன்று தருவார்கள். நம் ஆதாருக்கு 12 இலக்கம், அதற்கு 9. சம்பளம், மருத்துவக் காப்பீடு, வரி எல்லாம் அந்த எண்ணில்தான் ஓடும், வங்கிக் கணக்குக்கும் கேட்பார்கள். நான்கு மாதத்துக்குள் திரும்புகிறவருக்கும் எண் வேண்டுமென்றால், தற்காலிகமாகத் தங்குவோருக்கான தனிப் பதிவு உண்டு. அதைச் செய்துதர அனுமதி பெற்ற நகராட்சிகளில் ஹேக்கும் ஒன்று. பிள்ளையைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போகும் பெற்றோருக்கு இந்த எண்ணே தேவையில்லை.

இனி இங்கே செய்ய வேண்டிய வேலை. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கவுன்டரில் கேட்பது பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்று. மணமானவர் என்றால் திருமணப் பதிவுச் சான்றும். கடைசி இரண்டிலும் 'அப்போஸ்டில்' முத்திரை இருக்க வேண்டும். ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு அப்படியே ஏற்றுக்கொள்வதற்கான இந்த முத்திரையின் உடன்படிக்கை 1961ல் அதே ஹேக் நகரத்தில்தான் கையெழுத்தானது. இந்தியா அதில் சேர்ந்தது 2005ல். நடைமுறை இரண்டு படி. சான்றை வழங்கிய மாநிலத்தின் அரசு முதலில் அதை உண்மையென்று ஒப்ப வேண்டும், அதன் பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்கும். எல்லைக்காரர்கள் இடறுவது முதல் படியில். சூளூர்பேட்டை அரசு மருத்துவமனையில் பிறந்து கும்மிடிப்பூண்டியில் படித்தவருடைய பிறப்புச் சான்றை ஆந்திர அரசுதான் ஒப்ப வேண்டும். மதிப்பெண் பட்டியலுக்கும் பட்டத்துக்கும் தமிழ்நாடு. வீடு ஆரம்பாக்கத்தில் இருக்கிறது, ரேஷன் கார்டு தமிழ்நாட்டுடையது என்று வாதம் செய்து பயனில்லை. தாள் எந்த மாநிலத்தில் பிறந்ததோ அங்கேதான் அது போக வேண்டும். திருமணச் சான்றுக்கும் இதே விதி. மண்டப ரசீதும் கோயில் சீட்டும் அழைப்பிதழும் அங்கே செல்லாது, பதிவுச் சான்றுதான் வேண்டும். "ஒரிஜினலைக் குடுத்துட்டுப் போங்க தம்பி, எல்லாத்தையும் ஒரே இடத்துல முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம், எந்த மாநில அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் குழறினால் ஒரிஜினலைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

அடுத்தது மாவட்டப் பெயர். திருவள்ளூர் மாவட்டம் உருவானது 1997ல். அதற்கு முன் பொன்னேரி, கும்மிடிப்பூண்டியில் பிறந்தவர்களின் பழைய சான்றில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும். சூளூர்பேட்டையும் தடாவும் 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம், பிறகு திருப்பதி மாவட்டம். பழைய சான்றைக் காட்டி பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, புதிதாகப் பதிவிறக்கிய சான்றை ஹேக்கில் நீட்டினால் இரண்டும் இரண்டு ஊராகத் தெரியும். மாவட்டம் பிரிந்த கதை அந்த ஊழியருக்கு எப்படித் தெரியும்? ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள ஊர்ப் பெயரும் சான்றில் உள்ள ஊர்ப் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று முத்திரைக்கு அனுப்பும் முன்பே பாருங்கள். சூளூர்பேட்டையை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். அதில் எது உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறதோ அதுவே எல்லாத் தாளிலும் இருக்கட்டும்.

பெயர் விவகாரம் இதைவிடச் சிக்கல். பழைய பிறப்புச் சான்றுகளில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும், அப்பா அம்மா பெயர் மட்டும். பெயர் சேர்க்கை முடிக்காமல் அந்தத் தாளை எங்கும் அனுப்பாதீர்கள். நம் இனிஷியலும் அங்கே புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவருக்கு, நெதர்லாந்துப் பதிவேட்டில் முழுப்பெயரும் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்காரும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. இது தவறான பதிவு என்று பதற வேண்டாம், அவர்கள் முறையே அப்படி. ஆனால் வங்கி, காப்பீடு, சம்பளச் சீட்டு என்று பிறகு நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் நகராட்சிப் பதிவேட்டில் இருக்கிறபடியே எழுத வேண்டும். ஒரு இடத்தில் அப்பா பெயரைப் பின்னால் போட்டு, இன்னொரு இடத்தில் முன்னால் போட்டால் ஒரே ஆள் இருவராகிவிடுவார்.

மொழிக்கு வந்தால், ஆங்கிலமும் சேர்ந்து அச்சான சான்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். தெலுங்கிலோ தமிழிலோ மட்டும் கையால் எழுதிய பழைய சான்று என்றால், இருமொழிச் சான்றாகப் புதிதாக வாங்குவதே மலிவு. தமிழ்நாட்டில் பழைய கிராமப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும், தேட நாள் பிடிக்கும். பயணத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே இதைத் தொடங்கினால்தான் ஆந்திராவுக்கும் சென்னைக்கும் தனித்தனியாக அலைய நேரம் இருக்கும்.

அங்கே போன பிறகு வரக்கூடிய பெரிய கண்ணி ஒன்றுதான். வாடகை குறைவு என்று சிலர் தரும் அறைகளில் 'பதிவு செய்ய முடியாது' என்று நிபந்தனை இருக்கும். அந்த முகவரியைக் கொடுத்து நகராட்சியில் பதிய முடியாது, பதியாவிட்டால் எண் இல்லை, எண் இல்லையென்றால் சம்பளக் கணக்கே தடுமாறும். வாடகை பேசும்போது முதல் கேள்வியே பதிவு செய்யலாமா என்பதாக இருக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டில் தங்கினால், அந்த வீட்டில் பதிவாகியிருப்பவர் கையெழுத்திட்ட ஒப்புதலும் அவர் அடையாள அட்டை நகலும் தேவை.

ஹேக் நகராட்சி மன்றக் கட்டடம் ஸ்பௌ என்ற தெருவில், கதவு எண் 70. மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் வடிவமைத்து 1995ல் திறந்த கட்டடம், உள்ளும் புறமும் வெள்ளை. ஊர்க்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர் 'பனி மாளிகை'. கண்ணாடிக் கூரை போட்ட பெரிய முற்றம், அதன் குறுக்கே மேல்தளங்களை இணைக்கும் நடைபாலங்கள். எந்த வேலையும் இல்லாவிட்டாலும் உள்ளே போய் அண்ணாந்து பார்க்கலாம், யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். ஒட்டியே மத்திய நூலகம். மழையில் மாட்டினால் ஒதுங்க இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் இல்லை.

வேலையாகப் போகிறவருக்கு முன்பதிவு நேரம் கட்டாயம். இணையத்தில் எடுக்கலாம், நெதர்லாந்துக்குள் இருந்தால் 14070 என்ற எண்ணில் கேட்கலாம். கல்லூரி திறக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் நேரம் கிடைப்பது கஷ்டம், விமானம் ஏறும் முன்பே தேடத் தொடங்குங்கள். பதிய வேண்டிய ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, நேரில் வர வேண்டும். முதல் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிறகு பதிவேட்டு நகல் கேட்டால் கட்டணம் உண்டு. அங்கே கார்டைத்தான் நீட்ட வேண்டியிருக்கும், நோட்டை நம்பிப் போகாதீர்கள். அரசு இணையச் சேவைகளுக்கான 'டிஜிடி' கணக்கைச் செயல்படுத்தும் குறியீடு பதிவான முகவரிக்குத் தபாலில்தான் வரும். அறை மாறினால் 5 நாளுக்குள் புது முகவரியைச் சொல்லாவிட்டால் அந்தக் கடிதம் பழைய வீட்டுப் பெட்டியில் கிடக்கும். ஊருக்கே திரும்பி வருகிறவரும் கிளம்பும் முன் பதிவை நீக்கிவிட்டு வர வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு வந்து, காப்பீட்டுக் கட்டணக் கடிதம் துரத்துகிறதே என்று பிறகு புலம்புகிறார்கள்.

பார்க்க வேண்டிய இடங்களில் நாடாளுமன்ற வளாகமான பின்னன்ஹோஃப் 2021 முதல் சீரமைப்பில் மூடிக் கிடக்கிறது. பக்கத்துக் குளக்கரையில் நின்று பார்த்தால் கிரேன்களும் சேர்ந்தே படத்தில் விழும். நாடாளுமன்றக் கீழவை மத்திய நிலையத்தை ஒட்டிய பழைய வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தில் கூடுகிறது. அடையாள ஆவணத்தைக் காட்டிப் பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம், பேச்சு டச்சு மொழியில் இருக்கும். குளத்துக்கு அருகிலேயே மவுரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகம், ஓவியர் வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண் அங்கேதான் இருக்கிறாள். படம் நினைப்பதைவிடச் சிறியது.

1913ல் திறந்த அமைதி மாளிகையில் சர்வதேச நீதிமன்றமும் நிரந்தர நடுவர் நீதிமன்றமும் இருக்கின்றன. வாசலில் உள்ள பார்வையாளர் மையத்துக்குக் கட்டணம் கிடையாது. கட்டடத்தின் உள்ளே போக வழிகாட்டியுடன் கூடிய சுற்றுக்கு முன்பதிவும் அடையாள ஆவணமும் வேண்டும். சுற்று எல்லா நாளும் இருக்காது, அதனால் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். 2012ல் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்களே, அதில் ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். அந்த வழக்கின் விசாரணை 2019 ஜூலையில் இந்த மாளிகையில்தான் நடந்தது. மீனவர் ஊரிலிருந்து போகிறவருக்கு அந்த வாசலில் நிற்க வேறு காரணம் தேவையில்லை.

பழவேற்காட்டுக்காரர் தவறவிடக் கூடாத இடம் வேறு, அதுவும் மத்திய நிலையத்தின் பக்கத்திலேயே. தேசிய ஆவணக் காப்பகம். 1613ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்கள் அங்கே அடுக்கில் சுமார் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. 2003ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்த தொகுப்பு அது. நம் ஊரில் மிஞ்சியிருப்பது கோட்டை மேடும், வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறையும். அந்தக் கல்லறையில் படுத்திருப்பவர்கள் எழுதிய கணக்கு வழக்கு ஹேக்கில் இருக்கிறது. ஏற்றுமதியான துணி, இங்கே இடித்த வெடிமருந்து, கப்பலில் ஏற்றிய அடிமைகள், மூன்றும் அந்தக் கணக்கில் வரும்.

உள்ளே போகும் முறை எளிது. அடையாள ஆவணம் காட்டி வாசகர் அட்டை வாங்க வேண்டும், பையும் கோட்டும் பெட்டகத்தில், மேசைக்குப் பேனா கூடாது, பென்சில்தான். வேண்டிய காகிதக் கட்டை முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். கம்பெனித் தொகுப்பின் எண் 1.04.02. ஏமாற்றம் வரும் இடம் ஒன்று உண்டு: ஸ்கேன் ஆகி இணையத்தில் வந்துவிட்ட கட்டின் மூலத்தை மேசைக்குத் தர மாட்டார்கள். ஆகையால் போகும் முன் அவர்கள் இணையதளத்தில் தேடிவிடுங்கள். ஆரம்பாக்கத்தில் உட்கார்ந்தே இலவசமாகப் பார்க்கக்கூடியதற்கு அங்கே போய் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம். தேடும்போது பழவேற்காட்டின் ஆங்கிலப் பெயரான 'புலிகாட்' என்று அடித்தால் அதிகம் கிடைக்காது. டச்சுக்காரர்கள் 'பாலியகட்டே', 'பலியகாட்டா' என்று காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். எழுத்தைச் சற்று மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

பயணத்தில் பணம் வீணாகும் இடம் டிராமும் ரயிலும். விசா, மாஸ்டர்கார்டு தொடுகைக் கார்டையே ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை காட்டினால் போதும், டிக்கெட் வேண்டாம். இறங்கும்போது மறந்தால் ரயிலுக்கு 20 யூரோ பிடித்துவிடும். ஏறும்போது கைபேசியையும் இறங்கும்போது கார்டையும் காட்டினாலும் அதே கதிதான், இயந்திரத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆள். நான்கு பேர் குடும்பமாகப் போனால் நான்கு கார்டு.

காய்கறிக்கு ஹேக் சந்தை. திங்கள், புதன், வெள்ளி, சனி. சுரினாமிலிருந்து வந்து குடியேறிய இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர் உள்ள ஊர் என்பதால் பயத்தங்காய், பாகற்காய், வெண்டைக்காய் மூன்றும் கிடைக்கும். அங்கிருந்து சிறிது தூரத்தில் ஹோபமாப்ளைனில் காந்தி சிலையாக நடந்துகொண்டிருக்கிறார்.

கடைசியாக, இரு மாநில அதிகாரிகளுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். இங்குள்ள இ-சேவை மையத்துக்கும் ஆந்திராவின் மீ சேவா மையத்துக்கும் பக்கத்திலேயே லேமினேஷன் கடை இருக்கிறது. சான்று கைக்கு வந்த ஐந்தாவது நிமிடம், பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சூடு போட்டுவிடுகிறார்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் அப்போஸ்டில் ஒட்ட முடியாது. உறையைக் கிழித்தால் தாளும் சேர்ந்து கிழியும், மறுபடி முதலிலிருந்து மனு. சான்று வழங்கும் கவுன்டரிலேயே தமிழிலும் தெலுங்கிலும் 'லேமினேஷன் செய்யாதீர்கள்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டால் பல பேருடைய அலைச்சல் மிச்சமாகும்.

இப்படிக்கு,
ஆரம்பாக்கம், தடா வட்டார வாசகர்கள்